‘என்கரேஜ்’ சொல்லும்போது ‘யாரை’ எங்கே போகிறது?

ஜூன் 3, காலை 8.10 | பழைய வண்ணாரப்பேட்டை

மணலி பக்கம் ஒரு கம்பெனியில இன்டர்வியூ. “டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்”னு கேட்டா சொல்றதுக்கு ஒரு வரி எழுதி வச்சிருக்கேன். அம்மாதான் என்னை டிப்ளமா படிக்க ஊக்கப்படுத்தினாங்கன்னு சொல்லணும். எழுதினது இது: “மை மதர் என்கரேஜ் டு மீ ஃபார் ஸ்டடி டிப்ளமா.” ஃபிரெண்டு ஒருத்தன் ‘டு’தான் தப்பு, ‘ஃபார்’ ஓகேங்கிறான். இன்னொருத்தன் ‘தட்’ போட்டு எழுதுங்கிறான். எது கரெக்ட்? பேச்சுல நாம தினமும் ‘என்கரேஜ் பண்ணு’ன்னு சொல்ற வார்த்தைதானே, இதுல எதுக்கு இவ்ளோ குழப்பம்?

ஜூன் 3, காலை 9.25 | கொருக்குப்பேட்டை டியூஷன்

‘டு’ தப்பு என்று நண்பர் சொன்னது சரி, ஆனால் ‘ஃபார்’, ‘தட்’ ரெண்டும் அந்த இடத்தில் சரியில்லை. சரியான வாக்கியம்: “மை மதர் என்கரேஜ்ட் மீ டு டூ எ டிப்ளமா.”

உங்கள் வரியில் நாலு இடம் திருத்த வேண்டும். என்கரேஜ் என்பதற்கு இறந்தகால ‘ட்’ இல்லை. ‘மீ’க்கு முன்னால் ‘டு’ வரவே கூடாது. ‘ஃபார்’ போட்டிருக்கிற இடத்தில்தான் அந்த ‘டு’ உட்கார வேண்டும். டிப்ளமாவுக்கு முன்னால் ‘எ’ வேண்டும். ‘ஃபார்’ இல்லாமல் முடியாது என்றால் அதை ஸ்டடிக்குப் பின்னால் வைக்கலாம்: “என்கரேஜ்ட் மீ டு ஸ்டடி ஃபார் எ டிப்ளமா.” அதுவும் சரி.

அச்சு ஒன்றுதான். முதலில் என்கரேஜ், அது முடிந்த உடனே ‘யாரை’, அப்புறம் டு, அப்புறம் காலம் காட்டாத வெறும் வினை. அந்த ‘யாரை’தான் உயிர். இந்தச் சொல்லில் நம்மவர்கள் செய்கிற தப்பில் முக்கால்வாசி அந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது: ஒன்று அதற்கு முன்னால் ‘டு’வைச் செருகுவார்கள், இல்லை அதையே விட்டுவிடுவார்கள்.

‘டு மீ’ எங்கிருந்து வருகிறது என்றால், தமிழில் ரெண்டு விதமாகச் சொல்லலாம். “எனக்கு ஊக்கம் கொடுத்தாங்க” என்பது ஒன்று. “என்னை ஊக்கப்படுத்தினாங்க” என்பது இன்னொன்று. முதல் வாக்கியத்தை மனசில் வைத்து மொழிபெயர்த்தால் அந்த ‘கு’ உருபு ‘டு’வாக வந்து ஒட்டிக்கொள்ளும். என்கரேஜ் ரெண்டாவது ரகம். வாயைத் திறக்கும் முன் உள்ளுக்குள் ‘என்னை’, ‘அவளை’, ‘பசங்களை’ என்று சொல்லிப் பாருங்கள். என்கரேஜுக்கும் ஆளுக்கும் நடுவில் எந்தச் சொல்லும் தேவைப்படாது.

ஜூன் 3, காலை 9.40 | கொருக்குப்பேட்டை டியூஷன்

‘ட்’ ஏன் விட்டுப்போகிறது என்று மேலே சொல்லவில்லை. நீங்கள் தினமும் சொல்கிற ‘என்கரேஜ் பண்ணு’தான் காரணம். பண்ணாங்க, பண்றாங்க, பண்ணுவாங்க என்று காலத்தைச் சுமப்பது ‘பண்ணு’. என்கரேஜ் அசையாமல் கல்லு மாதிரி நிற்கும். முழு ஆங்கில வாக்கியத்துக்குப் போகும்போது ‘பண்ணு’ கழன்று விழுந்துவிடும், அதோடு காலமும் போய்விடும். மிச்சம் “மை மதர் என்கரேஜ் மீ”. சப்போர்ட், அட்ஜஸ்ட், டிஸ்டர்ப், மேனேஜ் எல்லாவற்றுக்கும் இதே கதி. ‘பண்ணாங்க’ என்று மனசில் ஓடினால் ‘ட்’, ‘பண்றாங்க’ என்று ஓடி ஆள் ஒருத்தர் என்றால் ‘என்கரேஜஸ்’. இதை மட்டும் பத்து வாக்கியத்துக்குக் கையால் எழுதிப் பழகினால் போதும்.

இதற்கு நேரெதிர்த் தப்பும் உண்டு. காலத்தை ரெண்டு இடத்தில் போடுவது: “என்கரேஜ்ட் மீ டு ஜாயின்ட்.” டுவுக்குப் பின்னால் காலம் கிடையாது, “டு ஜாயின்” மட்டும்தான்.

ஜூன் 3, மதியம் 1.15 | பழைய வண்ணாரப்பேட்டை

புரிஞ்சுது. ஆனா அந்த ‘தட்’ பாக்கி இருக்கு. “மை மதர் என்கரேஜ்ட் தட் யூ ஷுட் ஸ்டடி”ன்னு சொன்னா தப்பா? படின்னு சொல்லித்தானே ஊக்கப்படுத்தினாங்க.

ஜூன் 3, மாலை 6.50 | கொருக்குப்பேட்டை டியூஷன்

தப்பு. நீங்களே காரணத்தையும் சொல்லிவிட்டீர்கள்: ‘படின்னு’. அந்த ‘ன்னு’தான் ‘தட்’டாகிறது. அம்மா சொன்ன சொற்களைத் தெரிவிக்க வேண்டுமென்றால் அது ‘டோல்ட்’ வேலை: “ஷி டோல்ட் மீ தட் ஐ ஷுட் ஸ்டடி.” என்கரேஜுக்குப் பின்னால் சொன்ன வார்த்தை வராது, தெம்பு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலைதான் வரும். ‘தட்’ இங்கே வரவே வராது.

இதே அச்சில் போகிற மற்ற வினைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆஸ்க், டெல், அட்வைஸ், அலோ, ஃபோர்ஸ், பர்சுவேட், அர்ஜ். எல்லாவற்றுக்கும் யாரை, டு, வினை. வழுக்குகிற இடம் ரெண்டு. ‘மேக்’ போட்டால் டு கிடையாது, “ஷி மேட் மீ ஸ்டடி.” ‘சஜஸ்ட்’ இந்த வரிசையிலேயே சேராது. “ஷி சஜஸ்டட் மீ டு ஸ்டடி” என்று ஊரே சொல்கிறது, ஆனால் சரி “ஷி சஜஸ்டட் தட் ஐ ஸ்டடி.” உங்கள் நண்பர் ‘தட்’டை வைத்திருக்க வேண்டிய இடம் அது.

அடுத்து, ‘யாரை’யை விட்டுவிடுவது. தமிழில் “டீச்சர் நல்லா படிக்க ஊக்கப்படுத்தினாங்க” என்றாலே போதும், யாரை என்று கேட்கிறவருக்குத் தானாகத் தெரியும். அதை அப்படியே “தி டீச்சர் என்கரேஜ்ட் டு ஸ்டடி” என்றால் ஆங்கிலத்தில் வாக்கியம் நொண்டும். ‘அஸ்’ கட்டாயம்: “என்கரேஜ்ட் அஸ் டு ஸ்டடி.” யாரையும் குறிப்பாகச் சொல்ல விருப்பமில்லை என்றால் ஆளோடு டுவையும் சேர்த்து எடுத்துவிட்டு ‘இங்’ போடலாம்: “தி லைப்ரரி என்கரேஜஸ் ரீடிங்.” நூலகம் வாசிப்பை ஊக்குவிக்கிறது.

இன்னொரு பள்ளம், ‘வேர்’ விழுந்துபோவது. “வீ வேர் என்கரேஜ்ட் டு ஸ்டடி” என்றால் எங்களை ஊக்கப்படுத்தினார்கள். வேர் போய்விட்டால் “வீ என்கரேஜ்ட் டு ஸ்டடி”, நாங்களே யாரையோ ஊக்கப்படுத்தினோம், யாரை என்று தெரியவில்லை. ஒரு சின்னச் சொல் போனால் தட்டிக்கொடுத்த கையும் தட்டு வாங்கிய முதுகும் இடம் மாறிவிடும்.

ஜூன் 4, காலை 7.05 | காசிமேடு இன்ஜின்

ஆளுக்குத்தான் என்கரேஜ்னு நெனச்சிருந்தேன். படகு டீசல் இன்ஜின் மேனுவல்ல “மாய்ஸ்ச்சர் என்கரேஜஸ் கரோஷன்”னு இருக்கு. ஈரம் எப்படி துருவை ஊக்கப்படுத்தும்? அச்சுப்பிழையா?

ஜூன் 4, காலை 8.30 | கொருக்குப்பேட்டை டியூஷன்

பிழை இல்லை, சுத்தமான ஆங்கிலம். ஒரு விஷயம் நடக்கத் தோதான நிலைமையை உண்டாக்கினால் அதற்கும் என்கரேஜ் என்பார்கள். நல்லது கெட்டது என்ற பேதம் இல்லை. கடல் காற்றில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும், அந்த உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தச் சங்கிலி முழுவதையும் மேனுவல் ஒரே வினையில் அடக்கிவிட்டது. “சால்ட் ஏர் என்கரேஜஸ் ரஸ்ட்.” “ஸ்டாக்னன்ட் வாட்டர் என்கரேஜஸ் மஸ்கீட்டோஸ் டு ப்ரீட்.” மொட்டைமாடி டயரில் நிற்கிற தண்ணீர் கொசுவை முட்டையிடச் சொல்லி முதுகில் தட்டுவதில்லை, இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

தமிழில் இங்கே ‘ஊக்குவிக்கிறது’ என்று போட்டால் காது கூசும். ‘இடம் கொடுக்கும்’, ‘வழி பண்ணும்’, ‘சீக்கிரம் வரவைக்கும்’ என்று சொல்ல வேண்டும். “ஈரம் இருந்தா துரு சீக்கிரம் ஏறும்” என்பதுதான் நல்ல மொழிபெயர்ப்பு.

ஜூன் 4, காலை 8.42 | கொருக்குப்பேட்டை டியூஷன்

‘இடம் கொடுக்கும்’ என்று எழுதியதும் ஞாபகம் வந்தது. “டோன்ட் என்கரேஜ் ஹிம்” என்று யாராவது சொன்னால் அவனை ஊக்கப்படுத்தாதே என்று மொழிபெயர்க்காதீர்கள். அவனுக்கு ரொம்ப இடம் கொடுக்காதே, அவன் ஆட்டத்துக்குச் சிரித்து வைக்காதே என்று அர்த்தம். வீட்டில் குழந்தை கெட்ட வார்த்தை சொல்லி எல்லோரும் சிரிக்கும்போது பாட்டி “சிரிக்காதீங்க, இன்னும் ஏறும்” என்பாரே, அது.

ஜூன் 4, இரவு 9.20 | வியாசர்பாடி கேரம்

அப்போ மேட்ச்ல சுத்தி நின்னு ‘அடி மச்சான், ரெட்ட போடு’ன்னு கத்துறது என்கரேஜா, மோட்டிவேட்டா, சியர் அப்பா? நாங்க எல்லாத்துக்கும் என்கரேஜ்தான் சொல்றோம். உசுப்பேத்துறதுக்கு என்ன சொல்லணும்?

ஜூன் 5, காலை 7.30 | கொருக்குப்பேட்டை டியூஷன்

இந்த இழையில் இதுதான் ருசியான கேள்வி. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. அதை ஒழுங்காகப் பிரித்துக்கொண்டால் ஆங்கிலம் தானே பிரிந்துவிடும்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது சுற்றி நின்று குரல் கொடுப்பது ‘சியர் ஆன்’. “தி க்ரௌட் சியர்ட் ஹர் ஆன்.” தோற்று முகம் வாடியவனைத் தேற்றுவது ‘சியர் அப்’. ஆன், அப் மாறினால் ஆளே மாறிப்போவான்: முதலாமவன் இன்னும் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறான், ரெண்டாமவன் எழுந்து மூலைக்குப் போய்விட்டான்.

என்கரேஜ் இந்த ரெண்டையும்விட அகலமானது. ஆனால் அதற்கு ஒரு திசை உண்டு. அது முன்னால் பார்க்கிற சொல். இனிமேல் செய்ய வேண்டியதற்கோ, விடாமல் தொடர வேண்டியதற்கோ தெம்பு கொடுப்பது. ரெட் விழுந்திருக்கிறது, கவர் இன்னும் போடவில்லை, கை நடுங்குகிறது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து “நிதானமா அடி, உன்னால முடியும்” என்பது என்கரேஜ். கவர் போட்டு முடித்த பிறகு தோளில் தட்டி ‘சூப்பர்’ என்பது பாராட்டு. அதற்கு ப்ரெய்ஸ், கங்கிராஜுலேட். “ஆல் மை ரிலேட்டிவ்ஸ் என்கரேஜ்ட் மீ ஆஃப்டர் ஐ பாஸ்ட்” என்று எழுதினால் பாஸான பிறகு வேறு எதற்கோ தூண்டினார்கள் என்று ஆகும். கங்கிராஜுலேட்டட் என்று மாற்ற வேண்டும்.

மோட்டிவேட் என்பது செய்வதற்குக் காரணத்தை உண்டாக்குவது. அது ஆளாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கடன் மோட்டிவேட் பண்ணும், பரிசுத்தொகை மோட்டிவேட் பண்ணும். என்கரேஜ் பயத்தை எடுக்கும், மோட்டிவேட் சோம்பலை எடுக்கும். நான் வகுப்பில் பிரிப்பது இப்படித்தான். அகராதி இவ்வளவு கறாராகக் கோடு போடாது, ஆனால் எந்தச் சொல் என்று தடுமாறும்போது இது கை கொடுக்கும்.

உசுப்பேத்துவதற்கு ‘எக் ஆன்’. “ஹிஸ் ஃபிரெண்ட்ஸ் எக்ட் ஹிம் ஆன்.” இதில் கோழிமுட்டைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. தூண்டிவிடு என்ற பொருளுள்ள பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அடிதடி, வம்பு, பைக் ரேஸ் மாதிரி செய்யக் கூடாததற்குத்தான் பெரும்பாலும் வரும். அதற்கும் மேலே, குற்றம் செய்யத் தூண்டினால் சட்டம் ‘இன்ஸ்டிகேட்’ என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு இந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தது. ஆகவே தமிழ்ச் செய்தியில் ‘தூண்டினார்’ என்று பார்த்ததும் என்கரேஜ் போட்டுவிடாதீர்கள்.

ஜூன் 5, மதியம் 12.10 | ராயபுரம்

ஊக்கத்தொகை, ஊக்க மருந்து, ஊக்கப் பரிசு இதெல்லாம்? ‘என்கரேஜ்மென்ட் மெடிசின்’னு ஒரு போஸ்டர்ல பார்த்தேன்.

ஜூன் 5, மதியம் 12.45 | கொருக்குப்பேட்டை டியூஷன்

மூன்றிலும் என்கரேஜ் வராது. ஊக்கத்தொகை இன்சென்டிவ், பயிற்சியில் இருப்பவருக்குக் கொடுத்தால் ஸ்டைபெண்ட். ஊக்க மருந்து என்பது பர்ஃபாமன்ஸ் என்ஹான்சிங் ட்ரக், அதைப் போட்டுக்கொள்வது டோப்பிங். பாக்சிங், ஓட்டம் என்று போகிற பசங்கள் இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், படிவங்களில் கேட்பார்கள். முதல் மூன்று இடம் கிடைக்காதவருக்குத் தருகிற பரிசு கான்சலேஷன் ப்ரைஸ், தமிழில் ஆறுதல் பரிசு என்றும் சொல்கிறோம்.

ஜூன் 5, இரவு 10.05 | கொருக்குப்பேட்டை டியூஷன்

ஜூன் 3 அன்று எழுதியதில் ஒரு திருத்தம். என்கரேஜுக்குப் பின்னால் ‘தட்’ வரவே வராது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அது அதிகம். “ஐ ஆம் என்கரேஜ்ட் தட் சோ மெனி கேம்” என்பது சரியான வாக்கியம். இவ்வளவு பேர் வந்தது எனக்குத் தெம்பாக இருக்கிறது என்று பொருள். இங்கே என்கரேஜ்ட் என்பது மனநிலை, ‘ஹேப்பி தட்’, ‘க்ளாட் தட்’ மாதிரி. ஒருவரை ஒரு வேலை செய்யச் சொல்லி ஊக்கப்படுத்தும் வாக்கியத்தில் மட்டும் ‘தட்’ கிடையாது. முன்னே எழுதியதை அப்படித் திருத்திப் படியுங்கள்.

‘ஃபார்’ சரி என்ற நண்பருக்கும் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். “ஐ தேங்க் ஹர் ஃபார் என்கரேஜிங் மீ” என்பதில் ஃபார் வருகிறது. ஆனால் அது தேங்க் கொண்டுவந்த ஃபார், என்கரேஜுக்கு முன்னால் நிற்கிறது. அவர் அதைக் கேட்டுப் பழகி இடம் மாற்றி வைத்திருக்கலாம். வேலைக்குப் பதில் பெயர்ச்சொல் வைக்க வேண்டுமானால் ‘இன்’: “ஷி என்கரேஜ்ட் மீ இன் மை ஸ்டடீஸ்.”

எதிர்ச்சொல்லையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். டிஸ்கரேஜ் வந்தால் அச்சு மாறும். டு போய் ‘ஃப்ரம்’ வரும், வினைக்கு ‘இங்’ ஒட்டும்: “தே டிஸ்கரேஜ்ட் மீ ஃப்ரம் அப்ளையிங்.” “டிஸ்கரேஜ்ட் மீ டு அப்ளை” என்று என்கரேஜ் அச்சிலேயே ஊற்றுவது ரொம்ப சகஜமான தப்பு. ‘நாட்’டையும் உள்ளே செருகாதீர்கள். “டிஸ்கரேஜ்ட் மீ ஃப்ரம் நாட் கோயிங்” என்றால் போகாமல் இருக்காதே என்று சொன்னதாகிவிடும்.

ஜூன் 6, காலை 6.40 | காசிமேடு இன்ஜின்

உச்சரிப்பு சொல்லுங்க. என் பொண்ணு ‘ரேஜ்’னு இழுக்காதப்பாங்கிறா.

ஜூன் 6, காலை 9.00 | கொருக்குப்பேட்டை டியூஷன்

பொண்ணு சொல்வது சரி. படிக்கத் தோதாக இருக்கட்டும் என்று இதுவரை பழகிய எழுத்தில் எழுதினேன். சொல்லும்போது ‘இன்-க-ரிஜ்’. மூன்று அசை, அழுத்தம் நடுவில் இருக்கிற ‘க’வில். கடைசி ‘ரிஜ்’ குட்டையாக, லேசாக விழ வேண்டும். விலேஜ், காலேஜ் என்று எழுதுகிறோமே, அவையும் ஆங்கிலத்தில் விலிஜ், காலிஜ்தான். ‘ரேஜ்’ என்று இழுத்தால் ஆத்திரம் என்ற வேறு சொல் காதில் விழும்.

இறந்தகாலம் ‘இன்கரிஜ்ட்’, அசை கூடாது, அதே மூன்று. நாம் ‘என்கரேஜுடு’ என்று உகரம் சேர்த்து ஐந்தாக்கிவிடுகிறோம். அதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. ‘ட்’டை அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொல்லுங்கள்: ‘இன்கரிஜ்-ட்மீ’. ஆனால் ‘இன்கரிஜிஸ்’ என்று நிகழ்காலத்துக்குப் போனால் ஒரு அசை கூடி நாலாகும், அது நியாயமான கூடுதல், வெட்ட வேண்டாம்.

உள்ளே இருக்கிற ‘கரிஜ்’ தைரியம் என்ற சொல். பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்ற லத்தீன் சொல். நாம் ‘நெஞ்சுரம்’ என்கிறோமே, அங்கேயும் தைரியம் நெஞ்சில்தான் குடியிருக்கிறது. இன்கரிஜ் என்றால் நெஞ்சுக்குள் உரத்தைப் போடுவது. டிஸ்கரிஜ் என்றால் அதை உருவி எடுப்பது. இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு எழுத்துக்கூட்டலிலும் தப்பு குறைகிறது, நடுவில் கரிஜ் முழுசாக நிற்கிறதா என்று பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

ஜூன் 6, மாலை 5.30 | ராயபுரம்

ஆபீஸ் மெயில்ல “ஆல் ஸ்டாஃப் ஆர் என்கரேஜ்ட் டு அட்டெண்ட்”னு வந்தா போகணுமா, போகாம இருக்கலாமா?

ஜூன் 6, மாலை 6.15 | கொருக்குப்பேட்டை டியூஷன்

சொல்லின்படி கட்டாயம் இல்லை, வந்தால் நல்லது. கட்டாயம் என்றால் ‘ஆர் ரிக்வயர்ட் டு’ அல்லது ‘மஸ்ட்’ இருக்கும். ‘ஸ்ட்ராங்லி என்கரேஜ்ட்’ என்றால் வராதவர் யார் என்று பார்ப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே மாதிரி இன்னொன்று. மருத்துவர் “தி ரிப்போர்ட் இஸ் என்கரேஜிங்” என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நல்ல திசையில் போகிறது, நம்பிக்கை வைக்கலாம் என்று அர்த்தம். வீட்டில் இருக்கிறவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போது இந்த அளவு மாறாமல் சொல்ல வேண்டும். இங்கே என்கரேஜிங், என்கரேஜ்ட் ரெண்டையும் குழப்பாதீர்கள். தெம்பு தருவது என்கரேஜிங், தெம்பு பெற்றவர் என்கரேஜ்ட். “ஐ ஆம் என்கரேஜிங் பை யுவர் வேர்ட்ஸ்” தப்பு.

பெயர்ச்சொல் என்கரேஜ்மென்ட். “கேவ் மீ என்கரேஜ்” என்று வினையையே பெயராக்கக் கூடாது. “கேவ் மீ எ லாட் ஆஃப் என்கரேஜ்மென்ட்” சரி. பன்மை ‘ஸ்’ பொதுவாகத் தேவைப்படாது.

ஜூன் 7, காலை 7.50 | பழைய வண்ணாரப்பேட்டை

நாளைக்கு இன்டர்வியூ. மாத்தி எழுதிட்டேன்: “மை ஃபாதர் வர்க்ஸ் இன் தி ஹார்பர். மை மதர் என்கரேஜ்ட் மீ டு டூ எ டிப்ளமா இன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். சம் ரிலேட்டிவ்ஸ் டிஸ்கரேஜ்ட் மீ ஃப்ரம் ஜாயினிங், பட் ஷி ஆல்வேஸ் என்கரேஜ் மீ.” ஓகேவா?

ஜூன் 7, காலை 8.05 | கொருக்குப்பேட்டை டியூஷன்

கடைசி என்கரேஜில் ‘ட்’ மறுபடி விட்டுப்போச்சு தம்பி. அவங்க இப்பவும் தட்டிக்கொடுக்கிறாங்கன்னா ‘ஆல்வேஸ் என்கரேஜஸ் மீ’, அப்போ நடந்ததைச் சொல்றீங்கன்னா ‘ஆல்வேஸ் என்கரேஜ்ட் மீ’. எதுன்னு நீங்கதான் சொல்லணும்.

ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். என்கரேஜ்ட் என்றால் நீங்கள் சேர்ந்தீர்களா இல்லையா என்பது கேட்கிறவருக்குத் தெரியாது. பர்சுவேடட் என்றால்தான் காரியம் நடந்தது என்று பொருள். ஆகவே முடிவில் நீங்கள் செய்ததையும் சொல்லிவிடுங்கள்: “ஐ ஜாயின்ட், அண்ட் ஐ ஃபினிஷ்ட் இட்.” சொந்தக்காரர்கள் வரியை எடுத்துவிடலாம். முதல் அறிமுகத்தில் குறை தொனிக்கும், கேள்வியும் அந்தப் பக்கம் திரும்பும்.

ஜூன் 7, காலை 8.20 | பழைய வண்ணாரப்பேட்டை

“ஷி ஸ்டில் என்கரேஜஸ் மீ.” இப்பவும்தான்.

ஜூன் 7, காலை 8.22 | கொருக்குப்பேட்டை டியூஷன்

சரியா இருக்கு. நாலு அசை, அழுத்தம் ‘க’வில்.